பழைய பாத்திக் கைலியில் தைத்த குயில்ட்: இனி முடிப்பது எப்படி?

பினாங்கு மல்லி · ஜனவரி 11, இரவு 9.40

குயில்ட் (மூன்றடுக்கு ஒட்டுப்போர்வை) மேல்துணி தைத்தாகிவிட்டது. 60க்கு 80 அங்குலம். எல்லாமே மெழுகு பூசிச் சாயமிட்ட பழைய பாத்திக் கைலிகள். பெரும்பாலும் ஜாவாவின் பெக்காலோங்கான், இரண்டு மட்டும் மலேசியாவின் கிளந்தான். நடுவில் ஒரு கைலியின் கெப்பாலாவை (வேறு வேலைப்பாடுள்ள தலைப்புப் பகுதி) வெட்டாமல் வைத்திருக்கிறது, சுற்றிலும் 5 அங்குலச் சதுரங்கள். இனி பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு) வைத்துக் கையால் தைத்து ஓரம் கட்ட வேண்டும். துவைத்துவிட்டு அடுக்குவதா, தைத்து முடித்த பிறகு துவைப்பதா? சிவப்பு வெள்ளையில் ஏறுமா? ஊசி இரண்டு அடுக்கிலேயே திணறுகிறது, மூன்று அடுக்கில் என்ன ஆகும்? ஓரப்பட்டிக்கு மீதக் கைலித் துண்டே போதுமா?

ஓட்டுத்தையல் · ஜனவரி 11, இரவு 10.25

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ஓரப்பட்டிக்குப் பழைய கைலி வேண்டவே வேண்டாம். போர்வையில் முதலில் நைவது ஓர மடிப்புதான். கை பிடித்து இழுப்பது அங்கே, கட்டில் சட்டத்தில் உரசுவது அங்கே. ஏற்கெனவே உழைத்துக் களைத்த துணியை அங்கே வைத்தால், நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே ஓரம் பிசிறிவிடும். பழைய பாத்திக் கண்ணுக்கு மட்டும். பளு தாங்குவது புதுத் துணியும் நூலும். பேட்டிங், அடித்துணி, தையல் இடைவெளி எல்லாவற்றையும் இந்தக் கணக்கில்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேல்துணியைத் தனியாகத் துவைக்காதீர்கள். கால் அங்குலத் தையல் விளிம்புகள் பின்பக்கம் திறந்து கிடக்கின்றன. அலசினால் பிசிறு நூல் ஒன்றோடொன்று சிக்கும், ஈரப் பாரத்தில் பலமில்லாத சதுரம் கிழியும். துவைப்பு கடைசியில். சோதனை இப்போதே.

ஓட்டுத்தையல் · ஜனவரி 12, காலை 6.15

சோதனை என்று சொல்லிவிட்டு விவரம் எழுதாமல் விட்டது. மீதத் துண்டுகள் இருக்கும் என்று நம்புகிறேன். எந்தக் கைலியின் துண்டு எது என்று சீட்டு குத்தி வையுங்கள்.

முதலில் பலம். இரண்டு கட்டைவிரலும் ஒட்டியிருக்கும்படி துண்டைப் பிடித்து, பாவு வாக்கில் ஒரு இழு, ஊடை வாக்கில் ஒரு இழு. நல்ல துணி விறைத்து நிற்கும். செத்த துணி சத்தம்கூட இல்லாமல் விட்டுக்கொடுக்கும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: பெட்டியில் மடித்துக் கிடந்த கோட்டில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்தால் அந்த மடிப்பில் இழை முறிந்துவிட்டது என்று பொருள். பழுப்பும் கறுப்பும் உள்ள இடங்களை இரண்டு முறை பாருங்கள். ஜாவாவில் சோலோ, யோக்யகர்த்தா பக்கத்து சோகா என்ற மரப்பட்டைப் பழுப்பை ஆழமாக்க இரும்பு உப்பு சேர்ப்பதுண்டு. அது காலப்போக்கில் பருத்தியை அரிக்கும். பழைய கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு மட்டும் உதிர்ந்து, பக்கத்துச் சிவப்பு முழுசாக நிற்பதும் இந்த இரும்பால்தான்.

அடுத்தது சாயம். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிக் கண்ணாடி டம்ளர். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, அரை மணி நேரம். தண்ணீர் நிறம் மாறினால் ஒட்டாத சாயம் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அத்துடன் விடாமல், ஈரத் துண்டை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து முழுக்கக் காயவிடுங்கள். காகிதத்தில் அச்சு விழுந்தால் பக்கத்துச் சதுரத்திலும் விழும். உலர்ந்த துண்டை வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்த்தும் பாருங்கள். நாப்தால் என்ற செயற்கைச் சாயத்தின் சிவப்பும் அடர்பழுப்பும் தண்ணீரில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, தேய்க்கும்போது குட்டு உடையும். கையால் குயில்ட் தைப்பதே நாள்கணக்கில் தேய்ப்பதுதான். வெள்ளை நூல் போட்டால் அந்த இடத்தில் ரோஸ் ஆகிவிடும்.

காலி பாபின் · ஜனவரி 12, காலை 11.02

சாயம் போனா கல்லுப்பும் வினிகரும் போட்டு ஒரு ராத்திரி ஊற வெச்சா நிக்குமே. எங்க கடைப் பக்கம் எல்லாரும் அதான் பண்றாங்க.

பருத்தித்துறை · ஜனவரி 12, பிற்பகல் 1.30

எல்லாரும் செய்யினம், சாயமும் எல்லாருக்கும் போகுது. வினிகர் பட்டு, கம்பளிக்குப் பாவிக்கிற அமிலச் சாயத்துக்குத்தான் உதவும். பருத்திக்கு அதால ஒரு வேலையும் இல்லை. உப்பு, சாயத் தொட்டிக்குள்ள இருக்கேக்க சாயத்தை இழை பக்கம் தள்ளிவிடும், அவ்வளவுதான். சாயம் போட்டு முடிஞ்ச துணியில அது ஒன்றையும் பூட்டாது. குளிர் தண்ணியில ஊறப்போடுறது இன்னும் மோசம்: கழன்ற சாயம் பக்கத்துத் துணியில போய்க் குந்திக்கொள்ளும். ஒட்டாத சாயத்தை வெளியேற்ற வேணும், நிறையத் தண்ணியில, சூட்டில, சோப்போட. அதைக் கடைசிக் கழுவலில செய்யலாம்.

பினாங்கு மல்லி · ஜனவரி 13, இரவு 8.50

முடிவு: ஒரு சிவப்பு தண்ணீரில் விடவில்லை, தேய்த்தால் துணியில் ஏறுகிறது. ஒரு பழுப்புக் கைலி இழுத்ததும் கிழிந்தது. அதில் 9 சதுரம் மேல்துணியில் இருக்கிறது. மற்றவை பரவாயில்லை. இன்னொன்று: இஸ்திரி போடும்போது சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை, பலகை விரிப்பில் எண்ணெய்க் கறை. கிளந்தான் துண்டு ஒன்று நனைந்ததும் விறைத்துவிட்டது, காய்ந்ததும் பழையபடி.

ஓட்டுத்தையல் · ஜனவரி 13, இரவு 10.10

வாசனை மெழுகு. பாத்திக் மெழுகு வெறும் தேன்மெழுகு கிடையாது. பாரஃபின், பைன் பிசின், குங்கிலியம், கொழுப்பு எல்லாம் கலந்தது. சாயம் போட்ட பிறகு கொதிநீரில் போட்டு எடுப்பார்கள், ஆனால் பிசின் பங்கு கொஞ்சம் தங்கிவிடும். உங்கள் ஊசி திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சில்லாத பழுப்புக் காகிதம் மேலும் கீழும் வைத்து, நீராவி இல்லாமல், பருத்திச் சூட்டில் அழுத்துங்கள். காகிதத்தில் ஒளி ஊடுருவும் திட்டு விழும். திட்டு விழுவது நிற்கும் வரை புதுக் காகிதம் மாற்றிக்கொண்டே இருங்கள். செய்தித்தாள் வைத்தால் மை இறங்கும். இஸ்திரிக்கு அடங்காத பிசினை எடுக்க உலர்சலவைக் கரைப்பான்தான் வழி. ஒட்டுப்போட்ட மேல்துணியைக் கொதிக்கவைக்கிற யோசனை வந்தால் அதை விரட்டிவிடுங்கள்.

இதைப் பேட்டிங் வைப்பதற்கு முன் முடிக்க வேண்டும். வைத்த பிறகு சூடு காட்டினால் மெழுகு பஞ்சுக்குள் இறங்கி, அங்கே கெட்டியாகும்.

9 பழுப்புச் சதுரம்: ஒட்டும் ஃபியூசிங் என்று கடையில் சொல்வார்கள், வாங்காதீர்கள். மெழுகு மிச்சமுள்ள துணியில் பசை பிடிக்காது. பிடித்தாலும் சில கழுவலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். மல் துணியைக் கொதிநீரில் ஊறவைத்துச் சுருங்கவிட்டுக் காயவையுங்கள். 5 அங்குலச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு பழுப்புச் சதுரத்தின் பின்னும் வைத்து, தையல் விளிம்புகளோடு மட்டும் சேர்த்துக் கையால் தைத்துவிடுங்கள். முகப்பில் ஊசி வரவே கூடாது. இழுவை இனி மல் துணிக்குப் போகும்.

பருத்தித்துறை · ஜனவரி 14, காலை 7.45

நனைஞ்சு விறைக்கிற துண்டு ரேயானாக இருக்கும். பார்க்கிறது லேசு. அதில இருந்து ஒரு இழையை உருவி, நடுவில நாக்கில ஈரமாக்கி, இரண்டு முனையிலும் பிடிச்சு இழுங்கோ. ஈரம் பட்ட இடத்திலயே அறுந்தால் ரேயான். பருத்தி ஈரத்தில பலம் கூடும், ரேயான் குறையும். எரிச்சுப் பார்க்கிற வேலை இதுக்கு உதவாது, இரண்டும் கடதாசி வாசத்தோட சாம்பலாகும். ரேயான் என்றால் அந்தச் சதுரங்களை இப்பவே பிரிச்சு மாற்றுறது நல்லம். கழுவேக்க மற்றத் துணியைவிடக் கூடச் சுருங்கும், ஈரத்தில தையல் இழுவையும் தாங்காது.

பினாங்கு மல்லி · ஜனவரி 14, இரவு 9.15

ரேயானேதான். நாலு சதுரம்தான், பிரித்துவிட்டேன். அந்த 9 பழுப்பை மல் வைத்துக் காப்பாற்றுவதா, அதையும் மாற்றுவதா?

ஓட்டுத்தையல் · ஜனவரி 14, இரவு 9.50

தினமும் போர்த்துவதென்றால் மாற்றுங்கள். கட்டில்மேல் விரிப்பாக, சுவரில் தொங்கலாக என்றால் மல் போதும். பூ வேலைக்காக அந்தப் பழுப்பு வேண்டும்தான் என்றால், அதன்மேல் அடர்பழுப்பு நைலான் நெட் ஒரு அடுக்கு விரித்து, தையல் கோட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகத் துணிப் பராமரிப்பில் செய்வதுதான். ஒரு அடி தள்ளி நின்றால் நெட் தெரியாது.

காலி பாபின் · ஜனவரி 15, பிற்பகல் 12.20

ஊசி விஷயத்துக்கு யாரும் வரலையே. இந்தத் துணி நெய்யறதே நெருக்கம். ஜாவாவுல நல்ல பாத்திக்குன்னு எடுக்கற துணிக்கு பிரிமிசிமா, பிரிமான்னு தரம் சொல்லுவாங்க, நம்ம கேம்ப்ரிக்கைவிட நெருக்கமா இருக்கும். மெஷின்ல தைக்கறதுன்னா சாதா 14ஆம் நம்பர் ஊசி போட்டா ஒவ்வொரு ஓட்டையும் தெரியும். 11 போடுங்க, கூர் முனையுள்ள மைக்ரோடெக்ஸ் வகை கிடைச்சா அது, ஐரோப்பிய எண்ணுல 70 அல்லது 80. தையல் நீளம் 3 மில்லிமீட்டர். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தற வாக்கிங் ஃபுட் இல்லேன்னா அமுக்குற அழுத்தத்தைக் குறைங்க, இல்லேன்னா மேல்துணி அலையலையா முன்னாடி தள்ளிக்கிட்டே போகும். குண்டூசி ஓட்டையும் மூடாது, ஞாபகம் வெச்சுக்கங்க.

ஓட்டுத்தையல் · ஜனவரி 15, இரவு 9.30

கைத் தையலுக்கும் அதே நெருக்கம்தான் தொல்லை. குயில்ட் தைப்பவர்களின் 10, 12ஆம் எண் குட்டை ஊசியும் ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையலும் இந்தத் துணியில் வீண் பிடிவாதம். விரல் நோவதுதான் மிச்சம். பாத்திக் பூவேலையில் அந்தத் தையல் கண்ணுக்கே படாது. பெரிய தையல் போடுங்கள்: ஆங்கர் பேர்ல் காட்டன் எம்பிராய்டரி நூல் 8ஆம் எண், கிரூவல் (எம்பிராய்டரி) ஊசி 5ஆம் எண், அங்குலத்துக்கு 5 தையல். ஊசியில் ஒரு தடவைக்கு இரண்டு தையலுக்கு மேல் ஏற்றாதீர்கள்; நான்கு ஏற்றினால் இழுக்கும்போது துணி ஊசியோடு குவிந்து சுருக்கம் விழும்.

முடிச்சு ஒரு பெரிய சிக்கல். வழக்கமாக நூல் முனையில் சிறு முடிச்சு போட்டு, வெடுக்கென்று இழுத்து மேல்துணிக்குள் நுழைத்துவிடுவோம். பாத்திக்கில் முடிச்சு நுழையாது. அடித்து இழுத்தால் துளை கிழிந்து, மறுநாள் முடிச்சு வெளியே எட்டிப்பார்க்கும். அடித்துணிப் பக்கமிருந்து நுழையுங்கள். இல்லையென்றால் முடிச்சே போடாமல், நூல் முனையைப் பேட்டிங்குக்குள் இரண்டு அங்குலம் ஓடவிட்டு, தையல் விளிம்பு மறைவில் இரண்டு பின்தையல்.

நூல் அளவு: 3 அங்குல இடைவெளியில் கட்டம் கட்டமாகத் தைத்தால், நெடுக்கில் 80 அங்குலக் கோடு 19, குறுக்கில் 60 அங்குலக் கோடு 26. மொத்தம் 3,080 அங்குலம், ஏறத்தாழ 78 மீட்டர். மேலும் கீழும் இறங்கி ஏறுவதற்கும் முனைக் கழிவுக்கும் ஒன்றரைப் பங்கு வையுங்கள்: 117 மீட்டர். 10 கிராம் உருண்டையில் 80 மீட்டருக்குச் சற்று மேல் வரும். இரண்டு வாங்கினால் மீதமிருக்கும். ஒரே சாயத் தொகுதியில் வாங்குங்கள்.

பருத்தித்துறை · ஜனவரி 16, காலை 8.05

அடித்துணிக்கு என்ன வைக்கிறது எண்டதும் ஊசிக்குத்தான் சேரும். மேலயும் பாத்திக், கீழயும் பாத்திக் எண்டு வைக்காதையுங்கோ. பொப்ளினும் வேண்டாம், படுக்கை விரிப்புச் சீத்தையும் வேண்டாம், நெருக்கமான நெசவு. மெத்தென்ற கைத்தறிப் பருத்தி போதும். எட்டு அங்குலம் கூட வைச்சால் 68க்கு 88 வேணும். 44 அங்குலப் பன்னை (அகலம்) உள்ள துணியென்றால் 88 அங்குல நீளத்தில இரண்டு துண்டு, நெடுக்காகப் பொருத்தவேணும்: 176 அங்குலம், 4.5 மீட்டர். சுருங்கிறதுக்கு 5 மீட்டராக வாங்கிச் சூடு தண்ணியில ஒருக்கால் போட்டு எடுங்கோ.

பேட்டிங்கும் அப்பிடித்தான். பழைய சாரம் (கைலி) எவ்வளவோ கழுவிச் சுருங்கி முடிஞ்ச துணி. புதுப் பருத்திப் பேட்டிங் 3 தொடக்கம் 5 வீதம் சுருங்கும்: 80 அங்குலம் 76, 77இல வந்து நிக்கும். சுருக்கம் விழுந்த தோற்றம் பிடிக்குமென்றால் அப்பிடியே வையுங்கோ. பலமில்லாத துணியென்றால் முதலே நனைச்சுச் சுருக்கிப் போடுங்கோ.

பினாங்கு மல்லி · ஜனவரி 16, இரவு 10.00

இங்கே வெயிலுக்குத் தடிமன் வேண்டாம். இலவம்பஞ்சு வீட்டில் நிறைய இருக்கிறது.

ஓட்டுத்தையல் · ஜனவரி 16, இரவு 10.20

இலவம்பஞ்சு தலையணைக்கு. இழை வழவழப்பாகவும் குட்டையாகவும் இருப்பதால் ஒன்றையொன்று பற்றாது. முதல் கழுவலில் கட்டத்தின் மூலைக்கு ஓடிவிடும். பினாங்கு வெக்கைக்கு ஃபிளானல் ஒரு அடுக்கே பேட்டிங்காகப் போதும், ஊசியும் சுலபமாக இறங்கும். அதையும் முன்கூட்டி நனையுங்கள். பேட்டிங்தான் வாங்குவேன் என்றால் உள்ளே வலைத்தாள் பதிக்காத வகை கேளுங்கள், வலைத்தாள் கைத் தையலுக்கு எதிரி. அடர்நீலச் சதுரங்களின் கீழ் வெள்ளைப் பஞ்சு ஊசித்துளை வழியே நரைமுடியாக எட்டிப்பார்க்கும்; சாம்பல் நிறம் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுக்கும்போது நூலால் கச்சாத் தையல், நான்கு அங்குலக் கட்டத்தில், நடுவிலிருந்து ஓரத்துக்கு. வெள்ளை நூல் மட்டும். ஊக்கு குத்தினால் துளை நிற்கும்.

அடுக்குவதற்கு முன் மேல்துணியின் நான்கு ஓரத்திலும் விளிம்பிலிருந்து எட்டில் ஒரு அங்குலம் உள்ளே ஒரு மெஷின் தையல் ஓட்டிவிடுங்கள். கைலித் துணி நூல்வாக்கு பார்த்து வெட்டப்பட்டிருக்காது. தூக்கிப் போட்டுத் தைக்கும் மாதங்களில் ஓரம் நீண்டு தொய்ந்துவிடும்.

காலி பாபின் · ஜனவரி 17, காலை 10.40

கோடு போடறதுக்கு சூடு காட்டினா மறையுற பேனா வாங்கிடாதீங்க. அடர்நிறத்துல இஸ்திரி போட்டதும் மை போயிடும், வெளிறின கோடு நின்னுடும். எலும்பு ஸ்கேல் மாதிரி மழுங்கின முனையால கீறி மடிப்புக்கோடு போடுங்க. நெருக்கத் துணியில அது நல்லா நிக்கும்.

பினாங்கு மல்லி · ஜனவரி 18, இரவு 9.05

ஓரப்பட்டிக்கு அடர்நீலப் புதுப் பருத்தி, 42 அங்குலப் பன்னை. சுற்றளவு 280, மூலைக்கும் மடிப்புக்கும் 12, ஆக 292. 292ஐ 42ஆல் வகுத்தால் 7க்குள் வருகிறது. 2.5 அங்குலத்தில் ஏழு பட்டி, சரியா?

பருத்தித்துறை · ஜனவரி 18, இரவு 9.30

எட்டு. சரிவாகப் பொருத்தேக்க ஒவ்வொரு மூட்டிலயும் 2.5 அங்குலம் போகும். ஏழு பட்டியில ஆறு மூட்டு, 294இல 15 போக 279. கடைசி மூலையில 13 அங்குலம் காணாது, இரவு பதினொரு மணிக்குக் கடை பூட்டியிருக்கும்.

ஓட்டுத்தையல் · ஜனவரி 18, இரவு 10.15

எட்டு நேர்ப்பட்டிக்கு 20 அங்குலத் துணி. ஆனால் கிராஸ் பட்டி (மூலைவாட்டில்) வெட்டுங்கள். நேர்ப்பட்டியில் மடிப்பு விளிம்பு முழுதும் ஒரே சில இழைகள்மேல் ஓடும், அவை நைந்தால் ஓரம் முழுதும் திறக்கும். கிராஸில் இழைகள் விளிம்பைக் குறுக்கே கடக்கும், ஒன்று போனால் ஒரு புள்ளியோடு போகும். 28 அங்குலச் சதுரம் ஒன்றை ஒரே பட்டியாக வெட்டினால் 28ஐ 28ஆல் பெருக்கி 2.5ஆல் வகுக்க 313 அங்குலம் வரும். 27 அங்குலம் என்றால் 291தான், மயிரிழையில் போதாது. 80 சென்டிமீட்டர் வாங்கினால் கவலையில்லை.

இரண்டாக மடித்து, முகப்பில் கால் அங்குலத்தில் மெஷினில் தைத்து, பின்பக்கம் கையால் எம்மிங். தொடக்கம் ஒரு பக்கத்தின் நடுவில், மூலைக்கு அருகில் வேண்டாம். மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்தி மடியுங்கள். ஃபிளானல் மெல்லியது என்பதால், ஓரத்தைச் சீராக்கும்போது அதை மேல்துணியைவிட எட்டில் ஒரு அங்குலம் வெளியே விட்டு வெட்டுங்கள். பட்டிக்குள் வெற்றிடம் இருந்தால் மடிப்பு தட்டையாகி அங்கேயே நையும்.

ஓட்டுத்தையல் · ஜனவரி 19, காலை 6.40

3 அங்குலக் கட்டம் பற்றி மறுயோசனை. மல் வைத்த பழுப்புச் சதுரங்களில் ஒன்றரை அங்குலம் போடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் துணி எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு அதன்மேல் பளு.

காலி பாபின் · ஜனவரி 19, காலை 11.15

நைஞ்ச துணியில ஊசி ஓட்டையை இரட்டிப்பாக்கினா கிழியாதா?

ஓட்டுத்தையல் · ஜனவரி 19, இரவு 8.55

நெட்டோ மல்லோ இல்லாமல் போட்டால் கிழியும். மல் இருந்தால் தையல் பிடிப்பது மல்லை. நூல்முடிச்சு போட்டுக் கட்டுகிற முறைதான் இந்தத் துணிக்கு ஆகாது: ஆறு அங்குலத்துக்கு ஒரு புள்ளி, முழு இழுவையும் அந்தப் புள்ளியில்.

பருத்தித்துறை · ஜனவரி 20, பிற்பகல் 2.10

நடுவில வைச்ச கெப்பாலாவில கையெழுத்து இருக்கோ எண்டு பார்த்தனீங்களோ? பெக்காலோங்கானில எலிசா வான் சுய்லென் பட்டறைச் சாரங்களில துணியிலேயே மெழுகால பெயர் எழுதியிருக்கும். பக்கத்துக் கெடுங்வுனியில ஓய் சூ ச்யூன் பட்டறையும் அப்பிடித்தான். பூங்கொத்து வேலை, கோடு முடி போல மெல்லிசு, இரண்டு பக்கமும் ஒரே தெளிவு என்றால் மூலையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு ஊசியைத் தொடுங்கோ. அப்பிடியொன்று இருந்தால் போர்வைக்குள்ள தைக்கிற துணியில்லை.

பினாங்கு மல்லி · ஜனவரி 20, இரவு 9.20

பார்த்தேன், பெயர் எதுவும் இல்லை. பின்பக்கம் கொஞ்சம் மங்கல், ஒரே பூ அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வருகிறது. அச்சு வேலைதான் போல. மனசு நிம்மதியாக ஊசி ஏற்றலாம்!

ஓட்டுத்தையல் · பிப்ரவரி 2, இரவு 10.30

கடைசிக் கழுவல் பற்றிப் பாக்கி இருக்கிறது. தேய்த்தால் ஏறும் சிவப்பு இருப்பதால் பெரிய தொட்டி, 60 டிகிரி வெந்நீர், போர்வை மிதக்கும் அளவு தண்ணீர், கால் கப் பாத்திரம் கழுவும் திரவம். முழுக்க அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே எட்டிப்பார்க்கும் மடிப்பில்தான் சாயம் கோடாக உட்காரும். பன்னிரண்டு மணி நேரம். தண்ணீர் நிறமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி, தெளியும் வரை. கறை கண்டால் காயவிடாதீர்கள், இஸ்திரியும் காட்டாதீர்கள். ஈரமாகவே அடுத்த தொட்டிக்கு.

தூக்கும்போது முனையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அடியில் முன்கூட்டியே ஒரு பழைய வேட்டி விரித்துவிட்டு, வேட்டியோடு இரண்டு பேர் தூக்குங்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கைவாக்கில் காயவையுங்கள். ஒற்றைக் கொடியில் போட்டால் ஈரப் பாரம் முழுதும் நடு வரிசைச் சதுரங்களுக்கு.

காலி பாபின் · பிப்ரவரி 3, காலை 9.50

மீதத் துண்டை என்ன பண்றது? தூக்கிப் போட்டுடலாமா?

பருத்தித்துறை · பிப்ரவரி 3, முற்பகல் 11.25

எறியாதையுங்கோ. ஒவ்வொரு சாரத்திலயும் ஆறு அங்குலத் துண்டு ஒன்று எடுத்து, ஒரு வலைப்பைக்குள்ள போட்டு, போர்வை கழுவிற ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்துக் கழுவுங்கோ. பின்னாளில ஒட்டுப்போட வேண்டி வந்தால் நிறம் போர்வையோட சேர்ந்தே மங்கியிருக்கும். அந்தச் சிவப்புத் துண்டை மட்டும் வேற பையில.